வகுப்பில் டிவி இருக்கிறது, நெட்தான் நிற்பதில்லை: யூகேஜிக்கு வழி சொல்லுங்கள்

யூகேஜி மிஸ்:
வணக்கம். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். 32 பிள்ளைகள், உதவிக்கு ஓர் ஆயாம்மா. இந்த வருடம் கரெஸ்பாண்டன்ட் சார் வகுப்பில் 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி மாட்டிக் கொடுத்தார். அட்மிஷன் நோட்டீஸில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று போட்டும் விட்டார். ஆனால் வைஃபை ஆபீஸ் ரூமோடு சரி, என் வகுப்புக்கு எட்டாது.

அதனால் முந்தின ராத்திரியே வீட்டில் வீடியோ ஆப்பில் ஆறு பாட்டுகளை டவுன்லோட் செய்துகொண்டு போகிறேன். வகுப்பில், போன் வீடியோவை டிவியில் ஓட்டுகிற காஸ்ட் பட்டனை அழுத்தினால் டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் சில நாள் வருகிறது, சில நாள் டிவி பெயரே பட்டியலில் இல்லை. போன செவ்வாய்க்கிழமை வந்தது. யானைப் பாட்டு முடிந்ததும் நடுவில் ஒரு பேய்ப் படத்து டிரெய்லர்! இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். ஒருத்தி இன்னும் தனியாக பாத்ரூம் போகமாட்டேன் என்கிறாள், அவள் அம்மா டயரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

டவுன்லோட் செய்தது ஏன் ஓடவில்லை? விளம்பரம் இல்லாமல் தமிழ்க் கதை எங்கே கிடைக்கும்? ஆளுக்கொரு டேப்லெட் எல்லாம் இங்கே நடக்காது. பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?

கேபிள்காரன்:
மேடம், காஸ்ட் செய்யும்போது உங்கள் போன் படத்தை அனுப்புவதில்லை, விலாசத்தை மட்டும்தான் கொடுக்கிறது. டிவி தானே நெட்டில் போய் அந்த வீடியோவை எடுத்து ஓட்டும். போனில் டவுன்லோட் செய்து வைத்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. டிவிக்கு நெட் இல்லையென்றால் வட்டம்தான் சுற்றும். நெட் இருந்தால் விளம்பரமும் கூடவே வரும்.

உங்களுக்கு வேண்டியது மிரரிங். போன் திரையில் இருப்பதை அப்படியே டிவிக்கு அனுப்புவது. போனுக்குப் போன் பெயர் மாறும்: ஸ்மார்ட் வியூ, ஸ்க்ரீன் காஸ்ட், வயர்லெஸ் டிஸ்ப்ளே. இதற்கு நெட் வேண்டாம். சில போன்களில் இந்த வசதி கிடையாது, செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். மிரர் செய்வதற்கு முன் 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குடும்ப வாட்ஸப் குரூப் முழுவதும் யூகேஜி பிள்ளைகள் முன்னால் ஓடும்.

ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலிருந்தே காஸ்ட் செய்தால் பல போன்களில் டிவியைக் கண்டுபிடிக்காது. வேறொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, உங்கள் போனையும் டிவியையும் அதில் சேர்த்துப் பாருங்கள்.

யூகேஜி மிஸ்:
நன்றி சார். பென் டிரைவில் போட்டுவிடலாம் என்று முன்பே பார்த்தேன். டவுன்லோட் ஆன ஃபைல் போனில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வேறு படம் போட்டுப் பார்த்தால் டிவி பென் டிரைவையே கண்டுகொள்ளவில்லை.

கேபிள்காரன்:
டவுன்லோட் ஆனதை ஆப் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும், வெளியே எடுக்க முடியாது. பிடுங்கித் தருகிறோம் என்று சில தளங்கள் சொல்லும், போகாதீர்கள். அடுத்தவர் உரிமை ஒரு பக்கம், அங்கே வருகிற விளம்பரங்கள் பேய்ப் படத்தைவிட மோசம். பென் டிரைவ் 64 ஜிபியா? பெரியவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறையில், வரும், சில டிவிகள் அதைப் படிக்காது. 8 அல்லது 16 ஜிபியில், ஃபேட்32 ஃபார்மட்டில் போடுங்கள். ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும், பாட்டுக்கெல்லாம் அது தாராளம்.

பழைய டீச்சர்:
கதைக்கு நான் சொல்கிறேன்மா. குழந்தைகள் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தைப் பார். தமிழில் நிறைய இருக்கிறது. நிலை 1 உன் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும், பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், தளம், உரிமம் இவற்றைக் குறிப்பிட்டால் நாம் மாற்றியும் பயன்படுத்தலாம், அங்குள்ள கதைகள் அப்படிப்பட்ட திறந்த உரிமத்தில் வருகின்றன.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு பக்கத்தையும் பவர்பாயின்ட் ஸ்லைடாக வைத்து, என் குரலிலேயே கதை சொல்லிப் பதிவு செய்து, கடைசியில் வீடியோவாக, அதாவது எம்பி4 ஆக, எக்ஸ்போர்ட் செய்துவிடுவேன். அதைப் பென் டிரைவில் போட்டால் நெட்டும் வேண்டாம், விளம்பரமும் வராது. இன்னொரு லாபம், தமிழ் ஃபாண்ட் கட்டம் கட்டமாக மாறுகிற தொல்லையும் இல்லை, எழுத்து படமாகவே போய்விடுகிறது. முதல் கதைக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. மூன்றாவதுக்கு ஒரு மணி நேரம்.

அப்புறம், ரெடிமேட் ரைம்ஸ் வீடியோக்களைப் போடுவதற்கு முன் நீ ஒரு தடவை காது கொடுத்துக் கேள். 'வாலைப்பலம்' என்று பாடுகிறார்கள். ஐந்து வயதில் அது நாக்கில் ஒட்டிக்கொண்டால் மூன்றாம் வகுப்பு டீச்சர் உன்னைத்தான் திட்டுவாள்.

அட்டை மாஸ்டர்:
பிள்ளைகள் சேர்ந்து செய்ய, அட்டையைக் காட்டிப் பதில் சொல்கிற பிளிக்கர்ஸ் ஆப்பைப் பாருங்கள் மேடம். ஆளுக்கொரு காகித அட்டை, நடுவில் கறுப்புக் கட்டம். நான்கு ஓரத்திலும் பொடியாக ஏ, பி, சி, டி. பிள்ளை எந்த எழுத்தை மேலே வைத்துப் பிடிக்கிறதோ அதுதான் பதில். உங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்கக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். போன் உங்களிடம் மட்டும் இருந்தால் போதும், மொபைல் டேட்டா வேண்டும். அடிப்படைத் தொகுப்பில் 40 அட்டைகள், உங்கள் 32 பேருக்குத் தாராளம்.

யூகேஜிக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. எல்லா அட்டையிலும் ஏ பக்கம் சிவப்பு ஸ்டிக்கர், பி பக்கம் மஞ்சள் என்று ஒட்டிவிட்டேன். முதல் மாதம் இரண்டே பதில்தான்: "ஆடு சிவப்பு, மாடு மஞ்சள். 'ஆ'வில் தொடங்குவது எது?" கறுப்புக் கட்டத்தை விரலால் மறைக்காமல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் ஒரு வாரம் ஆனது. ஆப்பில் பிள்ளைகள் பெயரைப் போடாமல் ரோல் நம்பர் மட்டும் போடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

எல்கேஜி அப்பா:
பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, 3, 4 வயதுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. யூகேஜிக்கு ஒரு வயது கூட என்றாலும், அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் வீட்டிலேயே சாப்பாடு ஊட்டும்போது தீர்த்துவிடுகிறோம், பொய் சொல்வானேன். பள்ளியில் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் மிஸ்.

யூகேஜி மிஸ்:
எல்லோருக்கும் நன்றி. பென் டிரைவ் 64 ஜிபிதான், எக்ஸ்ஃபேட்டேதான்! தம்பியின் பழைய 8 ஜிபி-யில் உடனே ஓடியது. என் போனில் மிரரிங் இல்லை, அதை விட்டுவிட்டேன்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி ஒரு கதையை என் குரலில் பதிவு செய்து இன்று போட்டேன், ஆறு நிமிடம். பதிவில் எங்கள் வீட்டு மாடிக் காக்கை கத்தியது விழுந்துவிட்டது. கதையில் காக்கையே இல்லை. "மிஸ், காக்கா எங்கே?" என்று கடைசிவரை தேடினார்கள். அதையே இரண்டாம் தடவை போடச் சொன்னார்கள், போடவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் காக்கை வரைந்தோம்.

அடுத்த வாரம் அட்டை. 32-ஐயும் லேமினேட் செய்துவிடட்டுமா? ஒரே நாளில் கசக்கிவிடுவார்கள்.

அட்டை மாஸ்டர்:
பளபள லேமினேஷன் வேண்டாம் மேடம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஒட்டிவிடுங்கள். அட்டை நம்பரைப் பின்பக்கமும் பெரிதாக எழுதுங்கள், தினமும் யார் அட்டை யாரிடம் என்று ஒரு சண்டை நடக்கும்.