புதுப்பிப்பு: அம்மாவின் கன்னத்தில் ஆறாத புண்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் கன்னத்தில், சொரசொரப்பான புண் ஆறாமல் உதிர்ந்து உதிர்ந்து வருகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"பூசிவரும் களிம்பை நிறுத்திவிட்டுத் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்" என்ற ஹட்டன் அக்காவின் சொல்தான் உதவியது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, வெயிலால் வந்த, புற்றாக மாறக்கூடிய தோல் மாற்றம். திரவ நைட்ரஜனால் உறையவைத்து அகற்றிவிட்டார்கள். இப்போது ஆறிவிட்டது.

மேகமும் மூடுபனியும் உள்ள ஊரில் இது எப்படி என்று கேட்டேன். தோலைக் கெடுக்கும் வெயிலின் புறஊதாக் கதிர் மெல்லிய மேகத்தை ஊடுருவும், 1000 மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்றார் டாக்டர்.

கூடைக் கயிறு தலையில் கிடப்பதால் அகன்ற தொப்பி சரிவரவில்லை. முக்காட்டின் முன்பக்கம் தடித்த துணி விளிம்பு தைக்கச் சொன்ன தம்பியின் யோசனை அருமை. அம்மா தினமும் அதைத்தான் அணிகிறார். முழுக்கைச் சட்டையும், எஸ்பிஎஃப் 30 அளவுள்ள வெயில் தடுப்புக் கிரீமும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுவதுதான் மலையில் சிரமம்.

எதிர்பாராதது: டாக்டர் உள்ளங்காலையும் நகங்களையும் பார்த்தார். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் வருமாம், அதற்கு வெயில் காரணமில்லையாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களையும் பாருங்கள்.