ஒன்ராறியோவில் படிப்பிக்க: சான்றிதழ், சனிக்கிழமைத் தமிழ், கிரிக்கெட், தைப்பொங்கல் பேச்சு

வடலி:
வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், பட்டப்பின் கல்வி டிப்ளோமா இருக்கு. ஊரில் உயர்தரக் கணிதம் படிப்பித்தது. இப்ப ஸ்காபரோ. பள்ளிக்கூட வேலைக்கு எங்கே தொடங்க வேண்டும்? அதுவரை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கலாமா? கிரிக்கெட் பழக்கவும் விருப்பம். தை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பொங்கலைப் பற்றிப் பேசவும் கேட்டிருக்கிறார்கள்.

சிவப்புப்பேனா:
முதலில் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி. அங்கே படிப்பு நடப்பதில்லை, உரிமம் தருகிற இடம். பெறுபேற்றுப் பத்திரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அவர்களுக்குப் போக வேண்டும். கையில் இருக்கும் பிரதியை நீங்கள் அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். பலருக்கு இழுபடுவது இங்கேதான், ஆகவே ஊரில் ஒருவர் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் வருவது நல்லது.

அடுத்த சிக்கல் கற்பித்தல் பயிற்சி. எந்த வகுப்புகளில், எந்தப் பாடத்தில், எத்தனை நாள் என்று டிப்ளோமா தந்த பீடத்திடமிருந்து கடிதம் எடுங்கள். டிப்ளோமா என்று மட்டும் இருந்தால் 7 முதல் 12 வரையான பிரிவுக்கு உங்களை மதிப்பிடுவது கடினம். அந்தப் பிரிவுக்கு இரண்டு பாடம் வேண்டும், கணிதம் மட்டும் காணாது. குறை இருந்தால் நிபந்தனையோடு சான்றிதழ் தந்து மேலதிகத் தகைமைப் பாடநெறி கேட்கலாம். ஒன்று 125 மணித்தியாலம்.

சனிக்கிழமை வகுப்புக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. 25 பிள்ளைகளுக்குப் பெற்றோர் கேட்டால் கல்விச் சபை ஆரம்பப் பள்ளி மட்டத்தில் மொழி வகுப்புத் திறக்க வேண்டும் என்பது மாகாண விதி. பொலிஸ் சான்று கட்டாயம் கேட்பார்கள். உயர்பள்ளி முடிக்கத் தேவையான கிரெடிட் கிடைக்கிற தமிழ் (110 மணித்தியாலம்) வேறு கதை, அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

ஓஃப்ஸ்பின்:
பள்ளிக்கூட கிரிக்கெட் பழக்கினால் சம்பளம் இல்லை, தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஆசிரியர் அல்லாதவர் என்றால் பொறுப்பாசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பனி கரைந்து மைதானம் காயும்வரை ஜிம்முக்குள் டெனிஸ் பந்து. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடிவிடும், பருவம் அவ்வளவு குறுகியது.

ரோவன் சட்டம் (2018) முக்கியம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, சேர்" என்றாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, பிறகு படிப்படியாக. முழு விளையாட்டுக்கு வைத்தியரின் அனுமதி வேண்டும். ஊரில் தண்ணி தெளித்துவிட்டு அடுத்த ஓவர் போட விடுகிற பழக்கம் இங்கே சரிவராது.

கோலப்பொடி:
தை மாதத்தை (ஜனவரி) தமிழ் மரபுத் திங்களாக 2014இல் மாகாணமும் 2016இல் நாடாளுமன்றமும் ஏற்றன. அதனால் அழைப்புகள் நிறைய வரும். சங்க காலத்தில் தொடங்காதீர்கள், பிள்ளைகள் 10 நிமிடத்தில் நெளிவார்கள். கொஞ்சம் பேசிவிட்டுக் கோலம் போட விடுங்கள். 5க்கு 5 நேர்ப்புள்ளி போதும். அரிசிமா நிலத்தில் வழுக்கும், கறுப்பு மட்டையும் சோக்கும் கொடுங்கள். உள்ளே பால் பொங்கவும் கற்பூரம் கொளுத்தவும் போனால் தீ எச்சரிக்கை மணி அடித்து முழுப் பள்ளிக்கூடமும் பனிக்குள் நிற்கும். கஜு போட்ட பொங்கல், எள்ளுருண்டை இரண்டும் ஒவ்வாமைப் பட்டியலில் வரும். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பாதுகாக்கிற சப்ரினா சட்டம் 2006 முதல் இருக்கு, அலுவலகத்தில் கேட்காமல் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள்.

வடலி:
நன்றி. இரண்டாம் பாடமாகப் பௌதிகம் போடலாமா?

சிவப்புப்பேனா:
பட்டத்தில் பௌதிக அலகுகள் போதியளவு இருந்தால் போடலாம். அதைக் கற்பிக்கும் முறையும் படித்தீர்களா என்று டிப்ளோமாப் பத்திரத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்த 125 மணித்தியாலம் அதற்குத்தான் போகும்.