கோத்தகிரியில இருந்துகிட்டே ஆன்லைன் பிகாம் படிக்கலாமா?

தேயிலைமேடு:
தங்கச்சி ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்சுட்டா. கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல சேக்கலாம்னா பச்சைத் தேயிலை விக்கிற விலைக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாதுங்கறாரு அப்பா, ஊட்டி அரசு கலைக் கல்லூரின்னா பஸ்ல போய்ட்டு வந்துரலாம், ஆனா அவ ஆன்லைன்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அந்த டிகிரி செல்லுமா?

குன்னூரான்:
செல்லும் ப்ரோ. அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டின்னா ஆன்லைன் டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்தான்னு யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2022லயே சொல்லியாச்சு. ஆனா யுனிவர்சிட்டி பேரை மட்டும் பாத்து ஏமாந்துராதீங்க, அந்த குறிப்பிட்ட கோர்ஸுக்கு இந்த வருஷம் அனுமதி இருக்கான்னு யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு (DEB) சைட்ல பாருங்க. இன்னிக்கே கட்டுனா பீஸ் பாதின்னு போன் பண்றவன் எவனா இருந்தாலும் கட் பண்ணி விடுங்க.

பந்தலூர் அக்கா:
நான் வேலை பாத்துகிட்டே ஆன்லைன்ல எம்ஏ படிக்கிறேன், எனக்கு இதை விட்டா வேற வழி இல்ல. ஆனா ஜூலை மழையில லைன் மேல மரம் சாஞ்சா கரண்ட் போகும், கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துரும், அசைன்மென்ட் ஏத்த கடைசி நாள்னு ராத்திரி குடையப் புடிச்சுகிட்டு எஸ்டேட் ரோடு வளைவுல போனைத் தூக்கிப் புடிச்சு நின்னிருக்கேன், அப்பவும் 98 சதவீதத்துல நின்னுச்சு பாருங்க! ரெக்கார்டு பண்ண கிளாஸ்னா அப்புறமா பாத்துக்கலாம், லைவ்ல சந்தேகம் கேக்குறதுதான் பெரும்பாடு.

சாக்பீஸ்:
காலேஜ்ல பாடம் எடுக்குறவன்ங்கற முறையில சொல்றேன், பதினேழு வயசுப் பொண்ணை வீட்ல உக்கார வச்சு ஆன்லைன் டிகிரி வேண்டாம். 2020ல பாத்தேன், கேமராவ ஆஃப் பண்ணிட்டு பாதிப் பேர் காணாமப் போயிட்டாங்க, தானா படிக்கிற பசங்க மட்டும் எங்க இருந்தாலும் படிச்சாங்க. ரெகுலர்ல சேத்துட்டு, ஆசைப்பட்டா கூடவே மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம்ல ஒண்ணு ரெண்டு பேப்பர் எடுக்கட்டும், காலேஜ் ஒத்துகிட்டா ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் கிரெடிட்டா சேத்துக்க யுஜிசி விதியில இடம் இருக்கு. வீடியோ ஃப்ரீ, பரீட்சைக்குத்தான் பீஸ், அதையும் சென்டருக்கு நேர்ல போயித்தான் எழுதணும்.

ஆமா, ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூலா? அப்படின்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும். தொலைதூரக் கல்விக்கு அது கெடையாது.

தேயிலைமேடு:
கவர்மென்ட் ஸ்கூல்தான் சார்! 1000 ரூபா மேட்டரை இப்பதான் அவகிட்ட சொன்னேன், அப்ளிகேஷன் எப்பன்னு கேக்குறா 😂