வேதபாடக் குழுவில் ஆளுக்கொரு விளக்கம்: இது சீஷத்துவமா?

சபை மூப்பர்:
ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, “உங்களுக்கு என்ன தோணுது?” என்று வரிசையாகக் கேட்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் ஆமென். அநேகர் போதகராக வேண்டாம் என்கிறது யாக்கோபு 3:1. நாமோ எல்லாரையும் போதகராக்கிவிட்டோம். கற்றவர் போதிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

பெரோயா வாசகி:
நீங்கள் சொல்வது நடக்கிறது ஐயா. ஆனால் கோளாறு அந்தக் கேள்வியில்தான். எங்கள் குழுவில் எரேமியா 29:11 வந்தது: நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம். வேலைக்குக் காத்திருந்த தம்பி ஒருவர், “சீக்கிரமே கிடைச்சிடும்னு கர்த்தர் சொல்றார்” என்றார். நடத்துபவர் மறுத்துப் பேசவில்லை. 10ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொன்னார். பாபிலோனில் 70 வருஷம் சிறையிருப்பு! அடுத்து 28ஆம் அதிகாரம். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான் அனனியா என்ற தீர்க்கதரிசி. அது பொய்த் தீர்க்கதரிசனம். தம்பி சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, “அதுவரைக்கும் என்ன செய்யறது?” என்றார். பதில் 29:5இல் இருந்தது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். பிரசங்கத்தின் நடுவே எழுந்து இதைக் கேட்டிருப்பாரா?

சபை மூப்பர்:
28ஆம் அதிகாரம் தெரிந்தவர் உங்களுக்குக் கிடைத்தார் சகோதரி. எல்லாக் குழுவுக்கும் கிடைப்பாரா? ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரியே, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றார் (அப். 8).

பெரோயா வாசகி:
சுவிசேஷகனாகிய பிலிப்பு அவர் ரதத்தில் ஏறி, அவர் வாசித்த பகுதியிலிருந்தே தொடங்கினாரே! அப்பொல்லோ வேதத்தில் வல்லவர். அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு திருத்தமாக விளக்கிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள் (அப். 18).

இளம் விசுவாசி:
இருவருமே விளக்கத்தோடு நின்றுவிட்டீர்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள் கட்டடக் கடனுக்குக் காசு திரட்டத்தான் பன்னிரண்டு பேராகப் பிரிந்தார்கள். வசூலிக்கப் போனவர்கள் ஒவ்வொருவருடைய நடக்கையையும் கண்டார்கள். அதுவே ஆத்தும விசாரணையாக வளர்ந்தது. போன வாரம் படித்ததன்படி நடந்தாயா என்று என் குழுவில் யாரும் கேட்பதில்லை. விவாதம் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில் என் கோபம் அப்படியே இருக்கிறது.

சபை மூப்பர்:
தம்பி கேட்பது நியாயம். ஆனாலும் அந்தப் பகுதியைப் போதகரிடம் முன்கூட்டியே படிக்காதவர் குழு நடத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரோயா வாசகி:
எனக்கும் சம்மதம் ஐயா. அதற்கு வாரம் ஒரு மாலை ஒதுக்க உங்கள் போதகர் தயாரா?