மழையில் நின்ற குதிரை: இரவில் லாயத்தில் கட்டுவதா, வெளியே விடுவதா?

பவளத்தின் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். மனசு ஆறவே இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த 11 வயதுப் பெட்டைக் குதிரை என்னுடையது. பெயர் பவளம். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். அந்த வெயிலில் அவளை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மனசும் வரவில்லை. கொடைக்கானலில் ஊருக்குச் சற்று வெளியே ஒரு சவாரி லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறேன். தீவனம், லாடம், ஆள் கூலி எல்லாம் அதில் அடக்கம்.

போன சனிக்கிழமை விடியற்காலையில் சொல்லாமல் போய் நின்றேன். ஐப்பசி மழை விடாமல் தூறிக்கொண்டிருக்கிறது. இவள் வேலிக்குள் வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறாள். போர்வை இல்லை. பிடரி மயிரின் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே அவளுடைய அறை காலி. பொறுப்பாளரைக் கேட்டால், "குதிரைக்கு அதுதாம்மா நல்லது" என்கிறார்.

கூரைக்குத்தானே பணம் கொடுக்கிறேன்? மழை மாதங்களிலும் மார்கழி, தை உறைபனியிலும் இரவில் குதிரையை உள்ளே கட்ட வேண்டும் என்பது என் கட்சி. தவறென்றால் சொல்லுங்கள்.

ஏரிச்சாலை:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் பொறுப்பாளர் சொன்னதில் பொய் இல்லை.

ஏரியைச் சுற்றிச் சவாரி விடும் குடும்பம் எங்களுடையது, தாத்தா காலத்திலிருந்து. சிறுவனாக இருந்தபோது குளிருக்குப் பயந்து நாங்களும் லாயத்தைச் சாக்குப் போட்டு மூடித்தான் வைத்தோம். காலையில் கதவைத் திறந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். ராத்திரி முழுக்க அதையே இழுத்த குதிரை என்ன ஆகும்? எங்களிடம் இருந்த வெள்ளைக் குதிரை அந்த இருமலோடுதான் கடைசி வரை இருந்தது. மேட்டில் ஏறும்போது வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கும். அதைப் பார்த்த பிறகு கதவையே கழற்றிவிட்டோம்.

குதிரை நாளில் 14, 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற ஜீவன். நாலு சுவருக்குள் 12 மணி நேரம் சும்மா நிற்க வைத்தால் கட்டையைக் கடிக்கும், வயிறு கெடும். முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்பது அதற்குத் தெரிந்த வித்தை. குளிருகிறதா என்று மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈர மயிரைப் பிரித்து அடித்தோலைத் தொட வேண்டும், காதின் அடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. உடம்பு வெடவெடவென்று நடுங்கினால் மட்டும் உடனே உள்ளே கொண்டுபோங்கள்.

நாயுடுபுரம்வாசி:
ஏரிச்சாலை அண்ணனிடம் நேராகவே கேட்கிறேன். வெளியே விடுவது என்று நீங்கள் சொல்வது எந்த வெளி? வேலி போட்ட புல்வெளியா, எங்கள் தெருவா?

சீசன் முடிந்தால் போதும், சவாரிக் குதிரைகள் ராத்திரியில் ஊர்மேல்தான். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கவரோடு சேர்த்து மெல்வதை என் வாசலிலேயே பார்த்திருக்கிறேன். போன வருஷம் எங்கள் வளைவில், பனிமூட்டத்தில் ஒரு வேன் குட்டிக்குதிரையின் முன்காலை ஒடித்துவிட்டுப் போய்விட்டது. விடியும்வரை அது மூன்று காலில் நின்றது. யாருடைய குதிரை என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருட்டினால் காட்டெருமை ரோட்டுக்கு வரும் ஊர் இது. சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையைச் சொல்வார்கள். அது உரிமையாளர்களுக்கே பொருந்தும்: ஏப்ரல், மே வருமானம் வேண்டும், மற்ற மாதத்துத் தீவனச் செலவு வேண்டாம். 1965-ஆம் ஆண்டின் சுமை விலங்கு விதிப்படி ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஒரே மூச்சாக 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. சீசனில் ஏரிக்கரையில் இதை யார் பார்க்கிறார்கள்?

ஏரிச்சாலை:
தெருவில் விடுவது தப்பு. அதை நான் எங்கேயும் சரி என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் ராஜா ஒரு நாள் வேலியைத் தாண்டிவிட்டான். மறுநாள் சாயங்காலம் கொள்ளைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தான், முன்காலால் தரையைப் பறித்தான், படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான். விலாவில் காதை வைத்தால் எப்போதும் கேட்கிற கடமுடா சத்தம் இல்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாகத்தான் போக வேண்டும். நானும் தம்பியும் மாற்றி மாற்றி நடத்தினோம். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியற்காலை நாலு மணிக்கு லத்தி போட்டான், அதோடு சுருட்டிய பிளாஸ்டிக் கவர். பிழைத்தான். அன்றிலிருந்து வேலிக்கு மூன்று கம்பி.

சீசன் இல்லாத மாதத்தில் வைக்கோலும் புல்லும் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரும் விலை எங்களுக்குத்தான் தெரியும். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் குதிரைக்காரனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

மலைக்கால்நடை:
நீலகிரியில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். கூரையைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், பவளம் என்ன தின்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

குளிருக்குக் குதிரையின் அடுப்பு அதன் பின்குடல். நார்த்தீவனம் அங்கே நுரைத்துப் புளிக்கும்போது வரும் சூடுதான் உடம்பைக் காக்கிறது. குளிர் இரவில் கொள்ளையோ ஓட்ஸையோ கூட்டிப் பயனில்லை. காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் காய்ந்த நார்த்தீவனம் வேண்டும். பவளம் 450 கிலோ இருந்தால் 7 முதல் 9 கிலோ. அதில் பெரும்பங்கு ராத்திரிக்கு. குளிரில் தண்ணீர் குடிப்பது குறைந்து, குடலில் தீவனம் கெட்டிப்பட்டு வயிற்றுவலி வரும். வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் கொடுங்கள்.

இன்னொன்று, இது மலைக்கே உரிய சிக்கல். இங்கே மேய்ச்சல் நிலமெல்லாம் பரவியிருப்பது கிகுயு புல், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பச்சென்று இருக்கும், ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரைக்குச் சேராது. அதன்மேல் கோதுமைத் தவிட்டையும் கொட்டுகிறோம். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முதலில் இடம் மாறி மாறி நொண்டும். பிறகு கண்ணுக்குக் கீழே முக எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். சளி, பல்வலி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். தவிட்டை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பேருக்கேற்ற தீவனம் அது.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். மட்டக்குதிரை மயிர் அடர்ந்து மலைக்குப் பழகியது. பந்தயக் குதிரைக்குத் தோல் மெல்லிசு, மயிர் குட்டை. வறண்ட குளிரை இரண்டும் தாங்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் மயிர் படிந்து, உள்ளே தேங்கிய சூடு போய்விடும். அதனால் ஏரிச்சாலை தம்பியின் குதிரைக்குச் சரியானது பவளத்துக்கு அப்படியே சரியாகாது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே தகரம் போட்ட கொட்டகை ஒன்றை வேலிக்குள் கட்டச் சொல்லுங்கள். எப்போது உள்ளே போவது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

பவளத்தின் அக்கா:
ஐயா, கை நடுங்குகிறது. காலையும் மாலையும் தவிட்டுக் கஞ்சி கொடுக்கிறார்கள். சத்தானது என்று நான்தான் கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.

முகம் புடைத்த மாதிரித் தெரியவில்லை. இந்த வாரமே டாக்டரை வரச் சொல்கிறேன். போர்வை விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

மலைக்கால்நடை:
போடுங்கள், ஆனால் நீர் இறங்காத போர்வையாக இருக்கட்டும். கம்பளியும் சாக்கும் நனைந்தால் போர்வை இல்லாததைவிட மோசம். தினமும் கழற்றித் தோலைத் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் முதுகில் பொருக்கு பொருக்காக மயிர் உதிரும். விலா எலும்பையும் கையால் எண்ணுங்கள். குளிர்கால மயிர் மெலிவைக் கண்ணுக்கு மறைத்துவிடும்.

லாயம் நடத்துபவன்:
ஊட்டிப் பக்கம் சின்ன லாயம் வைத்திருக்கிறேன். அடுத்தவர் குதிரை 6 இருக்கிறது. பொறுப்பாளர் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும்.

அம்மா, மாதம் இரண்டு முறை வந்து ஒரு காட்சியைப் பார்க்கிறீர்கள். மீதி நாளெல்லாம் அவளோடு இருப்பவர் அவர். உள்ளே கட்டினால் படுக்கை மாற்ற வேண்டும், லத்தி அள்ள வேண்டும், தினமும் நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்ட வேண்டும். ஈரப் படுக்கையில் நின்றால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண மெத்தை கறுத்துக் கசிந்து நாறும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும். மூன்று குதிரைக்கு ஓர் ஆள் என்று வைக்காமல் முழுநேரம் உள்ளே கட்டுவது குதிரைக்குச் செய்கிற கொடுமை. லாடமும் 6 முதல் 8 வாரத்துக்குள் பிரித்து அடித்தாக வேண்டும். மலையில் லாடம் அடிக்கத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

பேச்சில் விட்டதுதான் உங்கள் சண்டையின் வேர். எழுதி வாங்குங்கள். என்ன தீவனம், எத்தனை கிலோ. எந்தக் குளிருக்கு உள்ளே. முக்கியமாக, ராத்திரி வயிற்றுவலி வந்தால் உங்களைக் கேட்காமல் டாக்டரைக் கூப்பிடலாமா, எவ்வளவு வரை செலவு செய்யலாம். மதுரையில் போனை எடுக்கும்வரை அந்த வலி காத்திருக்காது. இதில் ஒரு குதிரையை நான் இழந்திருக்கிறேன். உரிமையாளர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முடிவெடுக்கத் தயங்கி இரண்டு மணி நேரம் விட்டேன்.

நாயுடுபுரம்வாசி:
ஏரிச்சாலை அண்ணே, ராஜா கதையைப் படித்தேன். மூன்று கம்பி வேலி போட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. போடாதவர்கள் உங்கள் சங்கத்தில்தானே இருக்கிறார்கள்? அவர்களிடம் நீங்கள் பேசுங்கள். நாங்கள் பேசினால் ஊர்ச் சண்டையாகிவிடுகிறது.

ஏரிச்சாலை:
பேசுகிறேன். கேட்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ராத்திரி கட்ட இடமே இல்லாதவர்கள் பாதிப்பேர். வாடகைக்காவது பொதுக்கொட்டகை ஒன்று வந்தால் அவர்களைக் கேட்க எனக்கும் வாய் இருக்கும்.

பவளத்தின் அக்கா:
ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். டாக்டர் முக எலும்பைத் தட்டிப் பார்த்தார், ரத்தமும் எடுத்தார். தவிடு அன்றோடு நின்றது. கொட்டகைச் செலவில் பாதி என்னுடையது என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். தூணுக்குக் குழி தோண்டத் தொடங்கிவிட்டார். வயிற்றுவலிக்கு என்னைக் கேட்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உறைபனி இரவில் உள்ளே கட்டுவதா என்பதில் மட்டும் இருவரும் அவரவர் பிடியிலேயே இருக்கிறோம். பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. கதவு திறந்திருந்தும் அவள் அறைக்குள் போகவில்லை. அருகில் போய் ஈர மயிரைப் பிரித்து விரலை வைத்தேன். உள்ளே சூடாகத்தான் இருந்தது.

ரத்தப் பரிசோதனை வந்ததும் எழுதுகிறேன்.