ஒரு பங்கு 12 பவுண்டு 10 ஷில்லிங்

*குழு: நம்ம வீட்டு ஆளுங்க*

*நித்யா:* அத்தை, ஜேம்ஸ்டவுன் பத்தி ஒரு சந்தேகம். லண்டன்ல வர்ஜீனியா கம்பெனி பங்கு வித்து, அமெரிக்கால நடத்தின இங்கிலீஷ் குடியேற்றம் அது. 1607 மே மாசம் 104 பேர் போய் குடியேறினாங்க. அடுத்த ஜனவரில 38 பேர்தான் மிச்சம். அப்படி இருந்தும் 1609-ல லண்டன்ல மறுபடி பணம் வசூலாச்சே, எப்படி?

*செல்வி அத்தை:* சாவுக் கணக்கு ஊருக்குள்ள சீக்கிரம் பரவாம பாத்துக்கிட்டாங்க. 1606-ல கப்பல் கிளம்பும்போதே கையில எழுத்து உத்தரவு குடுத்தாச்சு: தலைவரும் கவுன்சிலும் அனுமதிச் சீட்டு தராம யாரும் திரும்பக் கூடாது, மத்தவங்க மனசு தளர்ற மாதிரி யாரும் கடுதாசி போடக் கூடாது.

*கார்த்தி அண்ணா:* ஆபத்து என்னன்னு சொல்ற ரிஸ்க் ஃபேக்டர் பக்கத்தையே கிழிச்சுட்டு, பங்கு விக்கிற பிராஸ்பெக்டஸ் அடிச்சிருக்காங்க 😄

*செல்வி அத்தை:* சரியா சொன்ன. ஆனா மறைச்சதால மட்டும் காசு வரலை. 1609-ல சரக்கையே மாத்துனாங்க. ராஜா கம்பெனிக்குக் குடுத்த 1606 சாசனத்துல (உரிமைப் பத்திரம்) முக்கிய ஆசை தங்கம், வெள்ளி. கிடைச்சா ராஜாவுக்கு அஞ்சுல ஒண்ணு, செம்புன்னா பதினஞ்சுல ஒண்ணு. கப்பல் கேப்டன் நியூபோர்ட் 1608-ல மூட்டை மூட்டையா ஏத்திட்டு வந்த மின்னுற மண்ணுல ஒண்ணுமே இல்ல. உடனே பேச்சு மரம், தார், கீல், பொட்டாஷ், கண்ணாடி, பட்டு, ஒயின்னு மாறிடுச்சு.

*பாலு மாமா:* அது கெட்டிக்காரத்தனமான மாத்தம். தங்கம் இருக்கா இல்லையான்னு வியாபாரி சோதிச்சுப் பாக்க முடியாது. ஆனா பால்டிக் கரைலேர்ந்து வர்ற தாருக்கும் மரத்துக்கும் என்ன விலை குடுக்குறோம்னு அவனுக்கு அத்துப்படி. "வெளியூர்க்காரனுக்குக் குடுக்குற காசு நம்ம கையிலயே நிக்கும்"னா மனக்கணக்கு போட்டுக்குவான்.

*நித்யா:* ஒரு பங்கு என்ன விலை மாமா?

*பாலு மாமா:* 12 பவுண்டு 10 ஷில்லிங். அதாவது 250 ஷில்லிங், 3000 பென்ஸ். கூலியாளுக்கு அப்போ நாளைக்கு சுமார் 8 பென்ஸ்.

*கார்த்தி அண்ணா:* 375 நாள் கூலி! சின்ன ஆளுக்கு எட்டாத விலைதான்.

*செல்வி அத்தை:* அதுக்குத்தான் ரெண்டு வழி வச்சாங்க. ஒண்ணு, காசு வேண்டாம், ஆளா கப்பல் ஏறு. ஆணோ பொண்ணோ பத்து வயசுக்கு மேல பிள்ளையோ, போய் தங்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு. உடம்புக்கும் பணத்துக்கும் ஒரே மதிப்பு. ரெண்டாவது, லண்டன் தொழில் சங்கங்கள். மீன்காரங்க, மளிகைக்காரங்க மாதிரி சங்கங்களுக்கு மேயர் சுற்றறிக்கை விட்டார். தனியா ஒரு பங்கு வாங்க முடியாதவங்க சங்கத்து பேர்ல சேர்ந்து போட்டாங்க. 1609 மே 23 சாசனத்துல 659 ஆள் பேரு, 56 சங்கம்.

*பாலு மாமா:* மேயருக்கு வேற ஆசையும் இருந்துச்சு. ஊர்ல நெரிசல், கொள்ளை நோய், வேலையில்லாதவங்க கூட்டம். கொஞ்சம் பேரை கப்பல்ல ஏத்தினா ஊரு லேசாகும்னு கணக்கு.

*நித்யா:* பங்கு வாங்கினவங்களுக்கு என்ன தர்றதா சொன்னாங்க?

*செல்வி அத்தை:* ஏழு வருஷம் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. விளையறது, வெட்டுறது, வாங்குறது எல்லாம் பொதுக் கிடங்குக்கு. ஏழாவது வருஷம் லாபமும் நிலமும் பங்குக்கு ஏத்த மாதிரி. 1609-ல கம்பெனிக்காக அச்சடிச்ச நோவா பிரிட்டானியா பிரசுரத்துல பங்குக்கு குறைஞ்சது 500 ஏக்கர்னு போட்டிருந்தாங்க. அந்த 500-ஐ ஞாபகம் வச்சுக்கோ நித்யா, பின்னாடி வரும்.

*கார்த்தி அண்ணா:* ஏழு வருஷ லாக்-இன், நடுவுல டிவிடெண்ட் கிடையாது, வெளியேறவும் வழி இல்ல. அதே ஊர்ல கிழக்கிந்தியக் கம்பெனி மிளகு கப்பல் ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வந்து கணக்கை முடிக்குது. எவன் இதுல போடுவான்?

*செல்வி அத்தை:* அங்க இருந்தவரும் இங்க இருந்தவரும் ஒரே ஆள்தான். சர் தாமஸ் ஸ்மித். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் கவர்னர், 1609-லேர்ந்து 1619 வரைக்கும் வர்ஜீனியா கம்பெனிக்குப் பொருளாளர். முப்பது வருஷம் கழிச்சு நம்ம மெட்ராஸ்ல கோட்டை கட்டினதும் அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். லாபக் கணக்குல மிளகோட மோத முடியாதுன்னு ஸ்மித்துக்குத் தெரியாதா? அதனால பாதிரியார்களைப் பிரசங்கத்துக்கு விட்டாங்க. காசு போடுறது தேசத்துக்கும் மதத்துக்கும் செய்யுற கடமை, இப்போ பின்வாங்கினா மானக்கேடுன்னு.

*பாலு மாமா:* 1609 வசூல்ல ஒன்பது கப்பல், சுமார் 500 பேர் போனாங்க. அதுல பண்ணின தப்பைப் பாரு. தலைமை தாங்க வேண்டிய கேட்ஸ், சோமர்ஸ், நியூபோர்ட் மூணு பேரும் புது அதிகாரப் பத்திரத்தோட ஒரே கப்பல்ல. ஜூலைல புயல் அடிச்சு அது பெர்முடா தீவுல தட்டி நின்னுடுச்சு. மத்த கப்பல்கள் போய் சேர்ந்துச்சு, ஆனா உத்தரவு போட ஆள் இல்ல, சாப்பாடும் பத்தலை. அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினது சுமார் 60 பேர்.

*நித்யா:* 😳 அதுக்கப்புறமும் வசூலா?

*செல்வி அத்தை:* அப்புறம்தான் இன்னும் மும்முரமா! பெர்முடால மாட்டினவங்க சாகாம பத்து மாசம் கழிச்சு வந்து சேர்ந்தது கடவுள் செயல்னு விளம்பரமே பண்ணாங்க. ஆனா புதுசா கேட்ட தொகையை ஒரே தடவையா யாரும் குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். மூணு பங்கு சேர்த்து 37 பவுண்டு 10 ஷில்லிங், வருஷத்துக்கு 12 பவுண்டு 10 ஷில்லிங்னு மூணு தவணை.

*கார்த்தி அண்ணா:* பார்ட்லி பெய்ட் ஷேர், அதாவது தவணைல காசு கட்டுற பங்கு. முதல் தவணை கட்டுவான், ரெண்டாவது தவணைக்கு ஆள் காணாம போவான்.

*பாலு மாமா:* அதே. சீட்டுல பேர் குடுத்துட்டு ரெண்டு தவணையோட நழுவுறவன் மாதிரி. இங்க வினை என்னன்னா, மூணு வருஷப் பணத்தையும் நம்பி கப்பல் பேசியாச்சு, சாமான் கடனுக்கு எடுத்தாச்சு. கெட்ட சேதி ஒண்ணு வந்ததும் கையெழுத்து போட்டவன் கையை விரிச்சுட்டான். கம்பெனி அவனுங்க மேல சான்சரி கோர்ட்டுல கேஸ் போட்டுச்சு. 1612 சாசனத்துல பாக்கி வசூலுக்குன்னே பிரிவு சேர்த்தாங்க.

*செல்வி அத்தை:* என்னைக் கேட்டா இந்தக் கம்பெனியோட வியாதியே அதுதான். வெறும் கையெழுத்தைக் கைக்கு வந்த பணம்னு எண்ணினது. காட்டுல நோய், பட்டினி எல்லாம் உண்மைதான், ஆனா அடுத்த கப்பல் எப்போ கிளம்பும்ங்கிறது லண்டன்ல யார் தவணை கட்டுறாங்கங்கிறதைப் பொறுத்து இருந்துச்சு.

*கார்த்தி அண்ணா:* லாட்டரி நடத்தினதும் இவங்கதானே?

*பாலு மாமா:* ஆமா, 1609 சாசனத்துலயே லாட்டரிக்கு...

*செல்வி அத்தை:* ஏங்க, அது 1609 இல்ல, 1612 மூணாவது சாசனம்.

*பாலு மாமா:* 1612, சரி 🙏 சீட்டு ரெண்டரை ஷில்லிங். பங்கு விலைல நூறுல ஒண்ணு. செயின்ட் பால் தேவாலயத்தோட மேற்கு வாசல் பக்கம் ஜூன் கடைசில குலுக்க ஆரம்பிச்சாங்க. பெரிய பரிசு ஆயிரம் பவுண்டு மதிப்புள்ள வெள்ளிப் பாத்திரம், ஒரு லண்டன் தையல்காரருக்கு விழுந்துச்சு.

*செல்வி அத்தை:* எதிர்பார்த்த அளவு சீட்டு விக்கலை. 60,000 வெத்துச் சீட்டை வெளிய எடுத்துட்டு, பரிசுல ஒண்ணைக் கூட குறைக்காம குலுக்கினாங்க. நாணயம்னு பேர் கிடைச்சுது, கைல நின்ன காசு குறைஞ்சுது. அப்புறம் ஊர் ஊரா லாட்டரி போச்சு. அதுல ஒரு வசதி, சீட்டு வாங்குறவன் காசை அங்கயே வச்சுடுறான். தவணை இல்ல, கேஸ் இல்ல. 1621 மார்ச்ல அரசு நிறுத்துற வரைக்கும் கம்பெனிக்குப் பெரிய வருமானம் அதுதான்.

*நித்யா:* ஏழு வருஷம் முடிஞ்சது 1616. 500 ஏக்கர்?

*செல்வி அத்தை:* வந்தியா! கஜானால பிரிக்க ஒண்ணும் இல்ல. முதல் தவணையா பங்குக்கு 50 ஏக்கர். அதுவும் சும்மா இல்ல, இன்னொரு 12 பவுண்டு 10 ஷில்லிங் கட்டணும், நிலம் அளக்கிற செலவுக்கும் புது கவர்னரை அனுப்பவும்.

*கார்த்தி அண்ணா:* லாபத்தை வாங்க மறுபடி காசு. அடேங்கப்பா.

*பாலு மாமா:* ஆனா அந்த சமயம் புகையிலை வந்துடுச்சு. ராஜாவுக்குப் புகையிலையே ஆகாது, இருந்தாலும் வித்துச்சு. அதனால 1618-லேர்ந்து வேற மாதிரி விலை பேசினாங்க: ஒரு ஆளை உன் செலவுல கொண்டுபோய் விடு, 50 ஏக்கர் உனக்கு. பெர்க்லி ஹண்ட்ரட், மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் மாதிரி சின்னக் குழுக்கள் தாங்களே முதல் திரட்டி, தாங்களே கப்பல் பேசிக்கிட்டாங்க. நஷ்டமும் அவங்க தலைல, கம்பெனிக்குச் செலவில்லாம ஊர் பெருகுச்சு.

*செல்வி அத்தை:* அந்த நிலம் எல்லாம் அங்க பூர்வீகமா இருந்த பவாட்டன் மக்களோடது. கம்பெனி தனக்குச் சொந்தமில்லாததைக் கூறு போட்டு வித்துச்சு, பங்கு வாங்கினவனும் கேள்வி கேக்கலை.

*செல்வி அத்தை:* 1621-ல கல்யாணத்துக்குன்னே ஒரு தனிப் பங்கு வசூல் நடந்துச்சு. 57 பொண்ணுங்களை அனுப்பினாங்க. கட்டிக்கிறவன் ஒரு பொண்ணுக்கு 150 ராத்தல் நல்ல புகையிலை குடுக்கணும், அது முதல் போட்டவங்களுக்கு. யாராவது செத்துப்போனா அந்த நஷ்டத்தை மத்த பொண்ணுங்க மேல ஏத்தி வாங்கணும்னு எழுத்துலயே இருக்கு.

*நித்யா:* மனுஷங்களை சரக்குக் கணக்குல எழுதிருக்காங்க 😠

*கார்த்தி அண்ணா:* கடைசில முதல் போட்டவனுக்கு என்ன மிஞ்சுச்சு அத்தை?

*செல்வி அத்தை:* 1622 மார்ச் 22 பவாட்டன் மக்கள் நடத்தின தாக்குதல்ல குடியேறினவங்க 347 பேர் போனாங்க, கம்பெனி உள்ளுக்குள்ள ஸ்மித் கட்சி, அவருக்கு அப்புறம் பொருளாளரான சாண்டிஸ் கட்சின்னு கணக்குச் சண்டை. 1624 மே 24 கோர்ட்டு சாசனத்தை ரத்து பண்ணிடுச்சு. பொது முதலுக்கு ரொக்க லாபம் எப்பவும் வரலை. நிலம் எழுதி வாங்கினவங்களுக்கு அந்த உரிமை நின்னுச்சு, புகையிலைத் தீர்வை ராஜாவுக்குப் போச்சு.

*பாலு மாமா:* நித்யா, எழுதப் போறேன்னா ரெண்டு பட்டியல் எடுத்துக்கோ. 1609 சாசனத்துல பேர் இருக்கும், தொகை இருக்காது. 1620-ல கம்பெனியே அச்சிட்ட அறிக்கைல யார் எவ்வளவு கட்டினாங்கன்னு இருக்கும். ஒவ்வொரு தொகையையும் 12 பவுண்டு 10 ஷில்லிங்கால வகுத்துப் பாரு, யார் எத்தனை தவணை கட்டினாங்கன்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

*நித்யா:* எக்ஸெல்ல போடுறேன் மாமா. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், சரிதானே?

*பாலு மாமா:* சரி. முதல்ல எல்லாத்தையும் பென்ஸா மாத்திக்கோ, இல்லைன்னா எக்ஸெல் குழப்பிடும்.