முகத்துவாரத்தை ஒட்டி வரும் மனைப்பிரிவுகள்: கழிவுநீர் பிளானில் நீங்க பார்த்து உறுத்தினது எது?

கண்மாய்க்கரை

வைகை முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, 240 வீடு. அனுமதி பைலில் கழிவுநீருக்கு ஒரே வரி: "சுத்திகரித்த நீர் முழுதும் மறுபயன்பாடு, ஆற்றில் வெளியேற்றம் இல்லை." அந்த வரிதான் இன்னும் உறுத்துது.

வீட்டுக்கு 5 பேர்னா 1,200 பேர். தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாத் திரும்பும். ஆக நாளுக்கு 130 கிலோலிட்டர். பூங்கா 60 சென்ட், சுமார் 2,400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் ஊத்தினாலும் 12 கிலோலிட்டர்தான் குடிக்கும். கக்கூஸ் பிளஷ்ஷுக்குத் தனிக் குழாய் போட்டா தலைக்கு 45 லிட்டர், 54 கிலோலிட்டர். மீதி 64 எங்கே போகுது? ஐப்பசி, கார்த்திகையில் பூங்காவுக்கும் தண்ணி வேண்டாம், அப்ப 76. இத்தனைக்கும் அந்த பிளம்பிங் வரைபடத்தில் பிளஷ்ஷுக்குத் தனிக் குழாயே இல்லை.

வைகைத் தண்ணி ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் நின்னுரும். கீழே ஆறு வருசத்தில் முக்கால்வாசி நாள் மணல். "ஆற்றில் கலந்து நீர்த்துவிடும்"னு எழுத அங்கே தண்ணி இருக்கணுமே. விட்டா அந்த 64 கிலோலிட்டர்தான் ஆறு.

உப்பங்கழி

எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போட்டவங்களையாவது கணக்குக் கேக்கலாம் அண்ணே. சின்ன லேயவுட்டுல வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், ஒரு உறிஞ்சுகுழி, முடிஞ்சது. மண் பரிசோதனைத் தாள் ஒண்ணு: ராத்திரி ஊறவிட்டு மறுநாள் பார்த்ததில் 2.5 செ.மீ. தண்ணி இறங்க ஒரு நிமிசத்துக்கும் கம்மி. "மிக நன்று"னு குறிப்பு. நிலத்தடி நீர் 2.6 மீட்டரில். தேதியைப் பாருங்க, மே மாசம்!

அதே இடத்தில் டிசம்பரில் கடப்பாரை போட்டா முழங்கால் ஆழத்தில் தண்ணி. இந்தியத் தரம் 2470, தண்ணி 1.8 மீட்டருக்குக் கீழே இருந்தாத்தான் உறிஞ்சுகுழி போடச் சொல்லுது. மழைக்காலத்தில் குழியே கிணறு. அப்புறம், வேகமா உறிஞ்சுற மணல் வடிகட்டாது. அதில் குடிநீர்க் கிணத்துக்கு விடச் சொல்ற 18 மீட்டர் இடைவெளி பேப்பருக்குத்தான் பாதுகாப்பு. நம்ம கரையில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்கிற மெல்லிசான ஏடு. மணலில் ஊத்து தோண்டி அகப்பையில் மோந்து குடிக்கிற இடம் அந்த மனைக்குத் தெற்கே 40 மீட்டர். வரைபடத்தில் அது "காலி நிலம்".

லெவல்மெஷின்

காலி நிலம்னு போட்டதை விடுங்க, லெவலே போடாத வரைபடம் பார்த்திருக்கீங்களா? தரை மட்டம் முழுக்க ஒரே எண். நம்ம ஊர் தட்டைதான், அதுக்காக இப்படியா.

150 மி.மீ. குழாய்க்கு 150-க்கு 1 சரிவு. 450 மீட்டர் ஓடினா 3 மீட்டர் இறங்கிரும். ஆரம்பத்தில் குழாய் மேல் 0.9 மீட்டர் மண் மூடல், கடைசி மேன்ஹோலில் 3.9 மீட்டர். டிசம்பரில் நிலத்தடி நீர் 0.6 மீட்டர் ஆழத்தில்னா குழாய் 3.3 மீட்டர் தண்ணிக்குள்ளே. ரப்பர் வளையம் ஒண்ணு ஒழுங்கா உக்காரலைன்னாலும் கழிவு வெளியே போகாது, உப்புத் தண்ணி உள்ளே வரும். வந்தா எஸ்டிபி கொள்ளளவை அது தின்னுரும். கடல்நீர்ச் சல்பேட் காற்றில்லாக் குழாயில் ஹைட்ரஜன் சல்பைடு ஆகி, குழாய் உச்சியில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டைச் சுரண்டும். உப்பு ஏறினா, தண்ணியில் அழுக்கு எவ்வளவுன்னு பார்க்கிற சிஓடி சோதனையும் பொய் சொல்லும், குளோரைடையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக் காட்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: விடிகாலை 3 மணிக்கு மூடியைத் திறந்து பாருங்க. ஊரே தூங்குறப்ப தெளிவாத் தண்ணி ஓடினா அது நிலத்தடி நீர். மின்கடத்துதிறன் மீட்டரை ஒரு வாளித் தண்ணியில் முக்கினா உப்பு இருக்கான்னும் தெரிஞ்சுரும்.

சரிவைக் குறைச்சா என்னன்னு கேட்காதீங்க. ஓட்ட வேகம் விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனா மணல் படியும். ஆழத்தைக் குறைக்கணும்னா நடுவில் கழிவைச் சேர்த்து மேலே ஏத்துற சின்ன பம்ப் சம்ப் ரெண்டு வைக்கணும், வேற வழியில்லை.

வாடைக்காத்து

சம்ப்னு சொன்னதும் ஞாபகம் வருது. 130 கிலோலிட்டருக்குக் கலெக்‌ஷன் டேங்க் 8 கிலோலிட்டர், உச்ச ஓட்டத்துக்கு அரை மணி நேரம்னு கணக்கு. ஜெனரேட்டர் இணைப்பு தொட்டிக்குக் காத்து ஊதுற பிளோயருக்கு மட்டும், பம்புக்கு இல்லை. காலை 7 மணிக்குக் கரண்ட் போனா 7:30-க்கு எங்கே வழியும்? வரைபடத்தில் பதில் இருந்தது: சம்ப்பிலிருந்து ஆற்றுப் பக்கம் ஒரு புள்ளிக்கோடு. பேர் இல்லை, விட்டம் இல்லை, வால்வு இல்லை.

அந்தப் புள்ளிக்கோட்டின் வாய், ஓதம் ஏறுற மட்டத்துக்கும் கீழே. வாடை அடிக்கிறப்ப பாக் நீரிணைத் தண்ணி கரையில ஏறி நிக்கும். தடுப்புக் கதவு இல்லாத குழாய் வழியா கடல் நேரா சம்ப்புக்குள்ள வரும்.

மிதந்ததொட்டி

பேரைப் பார்த்தாலே தெரியும். மண்ணில் புதைச்ச 20,000 லிட்டர் பைபர் தொட்டி, கார்த்திகை மழையில் லாரி வந்து காலி பண்ணிட்டுப் போச்சு. மறுநாள் காலையில் தொட்டி தரைக்கு மேலே ஒரு ஆள் உயரம், இன்லெட் குழாய் ஒடிஞ்சு தொங்குது.

20 கிலோலிட்டர் தொட்டி முழுக்க நீரில் நின்னா மேல்தூக்கு 20 டன். கீழ்ப் பலகையை 8.3 கன மீட்டர் கான்கிரீட்னு போட்டிருந்தாங்க, கன மீட்டருக்கு 2.4 டன் கணக்கில். கான்கிரீட்டும் அதே தண்ணிக்குள்ளேதானே இருக்கு! நீரில் அது 1.4 டன்தான். 14.3 கன மீட்டர் வேணும், 1.2 பாதுகாப்பு வைச்சா 17. தொட்டியைப் பலகையில் பட்டை போட்டுக் கட்டவும் இல்லை. மேல் மண் பிடிச்சுக்கும்னு நம்பவே கூடாது, தண்ணி ஊறின மணல் எதையும் பிடிக்காது.

கீழக்கரைக்காரன்

உப்பங்கழி காக்கா (அண்ணன்) சொன்னதில் பாதி ஒத்துக்கிறேன், பாதி இல்லை. உறிஞ்சுகுழி வேண்டாம்னு எஸ்டிபி போட்டா எல்லாம் சரியாயிரும்னு அர்த்தமில்லை. நம்ம பக்கம் வீடு வாங்கினவங்க துபாயில். வீடு பூட்டுத்தான். 240 வீட்டில் 25 வீட்டு விளக்கு எரியும். 130 கிலோலிட்டர் எஸ்டிபிக்கு 13 கிலோலிட்டர் வந்தா பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை, காத்து ஊதுற ஏரேஷன் தொட்டியில் அழுக்கைத் தின்னுற பாக்டீரியாக் கசடு சேராது. நோன்புப் பெருநாளுக்கு ஒரே வாரத்தில் எல்லா வீடும் நிரம்பும், தொட்டி திணறும். ஆபரேட்டரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கேட்கலைன்னாலும் சொல்லுறேன். பைல் கையில் வந்தா முதல்ல கொள்ளளவு எத்தனை பிரிவுன்னு பாருங்க. 130 ஒரே தொட்டியா வேண்டாம், 40, 45, 45-னு மூணா இருக்கட்டும், பிளோயர் தனித்தனியா. ஓட்டத்தின் ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ற ஈக்வலைசேஷன் தொட்டி குறைஞ்சது 8 மணி நேர ஓட்டம், சுமார் 43 கிலோலிட்டர். வீடுகளில் ஆர்ஓ வைக்கிறாங்க, கழிவு உப்புத் தண்ணி அதே சாக்கடையில்தான் சேரும், அந்த உப்பு எந்த பில்டரிலும் நிக்காது. செடிக்கு ஊத்தினா தென்னை தாங்கும், புல் கருகும். கசடு எங்கே போகுதுன்னு எழுத்தில் கேளுங்க, "உரமாக"ன்னு ஒரு சொல்லோடு விடாதீங்க. மேன்ஹோல் அடைச்சா, தண்ணியைப் பீச்சி அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் வண்டி உள்ளே வர வழி இருக்கான்னு பாருங்க. கையால் மலம் அள்ளுறதைத் தடை பண்ணின 2013 சட்டப்படி பாதுகாப்புக் கவசம் இல்லாம ஆளை இறக்கக் கூடாது. 3.9 மீட்டர் ஆழ மேன்ஹோலுக்குப் பக்கத்தில் 2 மீட்டர் சந்து விட்டிருந்தா, ஆளைத்தான் இறக்கப் போறாங்கன்னு வரைபடமே சொல்லுது. அப்புறம் 5 வருசம் கழிச்சு கரண்ட் பில் யார் கட்டுவாங்க? குடியிருப்போர் சங்கம்னு எழுதியிருப்பாங்க, சங்கம் இன்னும் பிறந்திருக்காது.

கண்மாய்க்கரை

சுருக்கமா எழுதச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த 240 வீடும் முதலில் ரெண்டு பைல். கட்டுமானப் பரப்பு ஒண்ணு 11,400 சதுர மீட்டர், இன்னொண்ணு 9,800. 20,000 தாண்டினா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேணும்ல, அதுக்காக. ரெண்டு பைலிலும் பம்ப் ரூம் ஒரே சர்வே எண்ணில் இருந்தது.

உப்பங்கழி

சரி, சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) எல்லை எப்படிக் குறிச்சிருந்தாங்க? ஆற்றில் உப்பு 5 பிபிடி (ஆயிரத்தில் 5 பங்கு) இருக்கிற இடம் வரைக்கும் கடல் ஆட்சி, அதுவரை அந்த மண்டலம். வறண்ட மாசத்தில் அளக்கணும்.

கண்மாய்க்கரை

நவம்பரில் அளந்திருந்தாங்க. வெள்ளம் போயிட்டிருந்த வாரம்.